யானை எட்டாத இடத்துக் கமுகு

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் புதிதாக வந்திருக்கும் ஓட்டல் ஒன்றில், சென்ற வாரம் ஒரு பூந்தொட்டிக்காகச் சண்டை போட்டேன். சிரிக்காதீர்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, உரக்கப் பேசினால் இருமல் வருகிறது, கோபப்படக் கூடாது என்று சொல்லிச் சொல்லி டாக்டரே கோபப்படுகிறார். இருந்தும் போட்டேன்.

முதலில் நான் அங்கே போனதே எரிச்சலோடுதான். என் அக்கா பெண் மைதிலி பூனாவிலிருந்து ஒரு பூணூல் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். வலியசாலையில் தாய்மாமன் வீடு இருக்கிறது, அதில் மூன்று அறை காலியாகக் கிடக்கிறது, அவள் ஓட்டலில் தங்குகிறாள். கேட்டால், "ஒங்காத்துலே ஏசி இல்லியே மாமா" என்கிறாள். சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், "இதோ பத்து நிமிஷம், கீழே வந்துடறேன்" என்று போனில் சொன்னாள். பெண்களின் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும். கண்ணாடி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தொட்டி கண்ணில் பட்டது.

பெரிய தொட்டி. அதில் பளபளவென்று ஒரு பனை ஜாதிச் செடி. தொட்டியில் திருகாணி போட்டு ஒரு பித்தளைப் பலகை. அகஸ்தியர் மலையின் அபூர்வமான வரைக்கமுகு, அழிந்துவருவது, தொடாதீர்கள் என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரி. தொட்டியில் நின்றதுதான் வரைக்கமுகு இல்லை. அது நிக்கோபார்த் தீவுக் கமுகு. இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. ஜாடை உண்டு, குணம் வேறு. தம்பியும் பாவம், தன் தீவில் அருகிவருகிறவன்தான். ஆனால் சமவெளி வெயில் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. நர்சரிகளில் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான், மதமதவென்று வளருவான். அண்ணனைக் கொண்டுவந்து, மேற்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே விழுகிற அந்த இடத்தில் வைத்தால், பங்குனி முடிவதற்குள் அப்பளமாகிவிடுவான்.

இதை வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "சாரே, அது நர்சரிக்காரர் வெச்ச போர்டாணு. எனிக்கு அறியில்லா" என்றாள். தெரியாதென்றால் தெரிந்தவர்களைக் கூப்பிடு என்றேன். மேனேஜர் வந்தார். சாருக்குச் செடியென்றால் ரொம்ப இஷ்டமோ என்று கேட்டு, ஒரு காப்பி கொண்டுவரச் சொன்னார். காப்பியைக் குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன். கடைசியில் பலகையைக் கழற்றிவிடுகிறோம், ஸ்க்ரூ டிரைவரோடு ஆள் வரட்டும், சார் கொஞ்சம் உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். தொட்டி மண்ணுக்கு அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். நனைந்த இலை மக்கின் வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு வித்துராவும் அத்திம்பேரும் வராமல் இருக்கமாட்டார்கள்.

அத்திம்பேர் என்றால் என் அக்கா புருஷர், மைதிலியின் அப்பா. மலையடிவாரத்து வித்துராவில் சந்தைக்கு அப்புறம், பொன்முடி போகிற ரோட்டை ஒட்டி ஒரு நர்சரி வைத்திருந்தார். குரோட்டன்ஸ், ஒட்டு ரோஜா, ஆந்தூரியம். நான் பி.ஏ. முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் என் பெயர் எப்போது மேலே நகரும் என்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்த காலம். "சும்மா இருக்கறதுக்கு எங்கிட்ட வந்து இரேன்டா" என்றார். போனேன். சும்மா இருக்க மட்டும் விடவில்லை.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வரைக்கமுகைக் கீழே இறக்கி வளர்த்து, இங்கேயே பூக்கவைத்து, இங்கேயே காய்க்கவைத்து, அந்த விதையிலிருந்து கன்று எடுத்துவிட வேண்டும். மலையிலிருந்து விதை வராத நாளிலும் கீழே ஒரு தலைமுறை இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. வேறு மனிதர்கள் வீடு கட்ட ஆசைப்படுவார்கள், காசி போக ஆசைப்படுவார்கள். அக்காவுக்கும் வைரத்தோடு போட்டுக்கொள்ள ஆசைதான். யார் கேட்டார்கள்?

வரை என்றால் செங்குத்தான மலைச்சரிவு. பெயர் சொல்வதுபோல இந்த மரம் நிற்பதே பாறை இடுக்கில்தான். கையளவு மண் இருந்தால் போதும், வேரை விட்டுக்கொண்டு அந்தரத்தில் நின்றுகொள்ளும். மெலிந்த தண்டு, இலை உதிர்ந்த இடமெல்லாம் வளையம் வளையமாகத் தழும்பு, மேலே பச்சைக் கழுத்து, அதிலிருந்து வளைந்து தொங்கும் ஓலை. சமமான இடத்தில் வளராதா என்றால், வளரும், வளர விடமாட்டார்கள். யானைக்கு இதன் குருத்து அல்வா. எட்டுகிற இடத்தில் ஒன்றைக்கூட விட்டுவைக்காது. ஆகவே யானை ஏறமுடியாத இடமாகப் பார்த்து மிச்சம் மீதி உட்கார்ந்திருக்கிறது. அத்திம்பேர் இதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ தம் சொந்தத் தம்பி சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதுபோலப் பெருமைப்படுவார்.

ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போனக்காடு பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறி, வயிற்றில் இருந்த இட்லி தொண்டைவரை வந்து, இறங்கி மழையில் நடந்து, காலெல்லாம் அட்டை கடித்து, ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தினார். எதிரே வெறும் மூடுபனி. "செத்தெ இரு, விலகும்" என்றார். செத்தெ நேரம் என்பது அரை நாள் என்று அவர் அகராதியில் அர்த்தம். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு பனி விலகியது. எதிர்ப் பாறையில் வரிசையாக நின்றிருந்தன. ஓலைக்குக் கீழே, தண்டின் கழுத்தில், சிவப்பு சிவப்பாக ஏதோ துணி கட்டித் தொங்கவிட்டதுபோல. "பூவாக்கும்டா அது" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு மரத்துக்காக அழுகிற மனுஷனோடு பஸ்ஸில் எப்படித் திரும்பிப்போவது என்றுதான் அப்போது நினைத்தேன்.

விதை கிடைத்த கதை இன்னும் கூத்து. மலையடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பிலிப்போஸ் அத்திம்பேரின் சிநேகிதர். மேலே பழுத்து விழுந்து ஓடையில் உருண்டு வரும் கருத்த பழங்களை அவர் பொறுக்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு அனுப்புவார். முதல் டப்பா, அக்கா இருந்த வலியசாலை வீட்டுக்கு வந்தது. அத்திம்பேர் அன்று ஊரில் இல்லை. அக்கா திறந்து பார்த்தாள். கமுகு என்று எழுதியிருக்கிறது. கமுகுக்காயை என்ன செய்வார்கள்? மொட்டை மாடியில் வடாம் பக்கத்தில் பழைய வேஷ்டி விரித்து, நாலு நாள் கிளறிக் கிளறி நன்றாகக் காயவைத்துவிட்டாள். இந்த விதை காய்ந்தால் செத்தது. ஈரம் போகாமல், சதையைக் கழுவி, உடனே மண்ணில் வைக்க வேண்டும். அத்திம்பேர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பாக்குன்னா ஒணக்கறதுதானே? வெயில் வீணாப் போறதேன்னு போட்டேன்" என்றாள் அக்கா.

"ஒன்னைக் குத்தம் சொல்லலைடீ" என்றார் அவர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கும் ஆறியிருக்கும், அக்காவுக்கும் அடுத்த டப்பாவில் கவனம் இருந்திருக்கும்.

அடுத்த டப்பாவை வலியசாலை முற்றத்திலேயே விதைத்தார். சித்திரை வெயிலில் தொட்டியோடு வெந்துபோயிற்று. அதற்கடுத்தது வித்துராவில். பாதியை எலி தின்றது. மீதி, மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே தூங்கியது. தினமும் போய்ப் பார்ப்பார். முளைத்திருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கக் கை பரபரக்கும், கிளறக் கூடாது. "அதுக்குத் தோணும்போது வரும்" என்பார். சிலது வந்தன. வந்தவற்றில் பூசணம் தின்றது போக ஒன்றே ஒன்று நின்றது. அந்த வருஷம்தான் மைதிலிக்கு ஆண்டு நிறைவு. குழந்தை கையை விட்டு நின்றதையும் கன்று இரண்டாவது இலை விட்டதையும் அவர் ஒரே மூச்சில் ஊருக்கெல்லாம் சொன்னார்.

அதற்கு நடந்த உபசாரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. ஓடைக்கரையில் பலாமர நிழலில், கருங்கல்லை அடுக்கி மலைச்சரிவு மாதிரி ஒரு மேடு கட்டினார். கல்லிடுக்கில் இலை மக்கைத் திணித்து அதில் நட்டார். "காலிலே தண்ணி நிக்கப்படாது, தலையிலே ஈரம் காயப்படாது." இதுதான் மந்திரம். தலையில் ஈரம் காயாமல் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. நடு மத்தியானம் கைப்பம்பை அடித்து அடித்து ஓலைமேல் மூடுபனி உண்டாக்க வேண்டும். வாசலில் ரோஜா வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். பட்டதாரியான நான் ஒரு கமுகுக்குப் பனி தூவிக்கொண்டு நிற்பேன்.

வந்தவர்களாவது சும்மா இருந்தார்களா? எல்லாரும் ஒரே கேள்வி. "இதில் அடக்கா உண்டாகுமோ?" பாக்கு வராது. "தேங்ஙா?" வராது. "பின்னே எந்தினா?" பின்னே எதற்காக. வருஷக்கணக்காக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அழகுக்கு என்றால் சிரித்தார்கள். அழிந்துகொண்டிருக்கிறது என்றால், பாக்கும் காய்க்காது, தேங்காயும் காய்க்காது, அழியாமல் என்ன செய்யும் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொள்வேன். பிறகு எனக்கு வேலை கிடைத்து, திருவனந்தபுரத்திலேயே ஒரு ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் பைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏறக்குறைய அதே தொனியில்தான் கேள்வி கேட்டார்கள்.

மரம் தன் போக்கில் வளர்ந்தது. வளர்ந்தது என்று சொல்வதே மிகை. மைதிலி பாவாடை போட்டாள், தாவணி போட்டாள், காலேஜுக்குப் போய் முடித்தும் வந்தாள். அது மெள்ள அவளைப்போல ஒன்றரை ஆள் உயரத்துக்கு வந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் மழை விடாமல் பெய்தது. வித்துராவில் மத்தியானம்கூடக் குளிர்ந்து கிடந்தது. ஒருநாள் ஆபீஸுக்கு அத்திம்பேர் போன் பண்ணினார். "பாளை வெடிச்சாச்சுடா." போனை வைத்துவிட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன். அன்று பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்த்த அதே சிவப்பு, கைக்கெட்டும் தூரத்தில். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் கண் கலங்கியது.

இனி நீங்கள் கல்யாணத்துக்கு வரவேண்டும். எங்கள் முன்னோர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். ஊஞ்சல், நலங்கு, அப்பளம் உடைக்கிறது எல்லாம் அங்கேயிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நிறபறை இங்கே வந்து பிடித்துக்கொண்டது. பித்தளைப் பூண் போட்ட மரப்பறையில் கோபுரமாக நெல்லை நிரப்பி, நடுவில் ஒரு தென்னம்பூக்குலையைச் செருகி வாசலில் வைப்பார்கள். அது இல்லாமல் இந்த ஊரில் சுபகாரியம் இல்லை, எங்களுக்கும் இல்லை. வெண்ணெய் நிறத்தில் பூக்குலை நெல்லின்மேல் விரிந்து நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று சாயங்காலம் வரவேற்பில்லை, எல்லாம் காலையில்தான். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். வலியசாலையில் மண்டபத்து வாசலில் நான் பன்னீர்ச் செம்போடு நிற்கிறேன், பக்கத்தில் அத்திம்பேர் பஞ்சகச்சத்தோடு நிற்கிறார். நாகஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்தல்கார சசி நிறபறையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். நெல்லின் நடுவில் சிவப்பாக நின்றது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு புரிந்தது. உள்ளேயிருந்து மைதிலி, கூறைப்புடவை மாற்றுவதற்கு முன்பு, யார் தடுத்தும் கேட்காமல் வாசலுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா! நம்ம மரம்! நான்தான் சசியண்ணன்கிட்ட சொல்லி நேத்திக்கு வித்துராவுலேர்ந்து எடுத்துண்டு வரச் சொன்னேன். தென்னம்பூ எல்லாராத்துக் கல்யாணத்துலயும் வெப்பா. எங்கல்யாணத்துலே ஒங்க மரம் இருக்கணும்னு நெனச்சேன்."

நிறபறையில் ஏறாத பூவுக்கு என்ன மரியாதை? அப்பாவின் மரத்துக்குத் தன்னால் செய்ய முடிந்த பெரிய கௌரவம் அதுதான் என்று நினைத்த பெண்ணை யார் என்ன சொல்வது? எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படியொரு தப்பு செய்யவே தோன்றும்.

அத்திம்பேர் குனிந்து பூக்குலையை நேராக நிறுத்துவதுபோல விரலால் தொட்டார். நானும் குனிந்தேன். கிளைகளின் அடிப்பக்கத்தில், பூ உதிர்ந்த இடங்களில், பச்சையாகக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். காய் பிடித்திருந்தது. மலைக்குக் கீழே, பாறை இல்லாத இடத்தில், அந்த மரம் காய் பிடித்திருந்தது. அவர் விரல் ஒரு மணியின்மேல் நின்றது. நிமிர்ந்தார்.

"ரொம்ப லக்ஷணமா இருக்குடீ கொழந்தே" என்றார்.

அவள் அதற்குள், பின்னாலேயே வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அக்காவுக்கு முகத்தில் ஒளிக்கத் தெரியாது. "வெட்டியிருக்கப்படாதோ அப்பா? காய்க்கற பூவோ?" என்றாள்.

"சீ, அது எப்படியும் காய்ச்சிருக்காது. இந்தச் சூட்டிலே எங்கே காய்க்கறது? நீ உள்ளே போ, மாப்பிள்ளையாத்துக்காரா வந்துட்டா." நிறபறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாகஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. நான் வருகிறவர்கள்மேலெல்லாம் பன்னீரை அடி அடியென்று அடித்தேன். ஒரு மாமா, "என்ன ஓய், குளிப்பாட்டறீரா?" என்று கேட்டார்.

பந்தி முடிந்தபிறகு அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருஷம், எத்தனை மத்தியானம் பம்பு அடித்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன, அந்த சசியையாவது திட்டினால் என்ன என்று கத்தினேன். "சொன்னா என்ன ஆகும்? பூ திரும்பி மரத்திலே ஒட்டிக்குமா? அவ வாழ்நாள் பூரா தன் கல்யாணத்தை நெனைக்கறபோதெல்லாம் இதையும் நெனைக்கணுமா?" என்றார். பிறகு, கட்டுச்சாதக் கூடை கட்டுகிற அமளியில், அந்தப் பூக்குலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வித்துராவுக்குப் போனார். பிஞ்சு முளைக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அவ்வளவையும் விதைத்தார்.

அடுத்தடுத்த வருஷங்களிலும் பாளை வந்தது. ஆனால் அந்த மழை மறுபடி வரவில்லை. சிவந்து, விரிந்து, வெயிலில் பொரிந்து உதிர்ந்தது. ஒரு கோடையில் ஓடை வற்றியது, மரம் குருத்திலிருந்து காய்ந்தது. அதற்கப்புறம் அத்திம்பேரும் அதிக நாள் இல்லை. அந்த இடம் இப்போது ஹோம்ஸ்டே. பலாமரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கல்மேட்டைப் பிரித்து அந்தக் கருங்கல்லிலேயே காம்பவுண்டு கட்டிவிட்டார்கள். மலையில் இன்னும் நிற்கிறதாம், முன்னைப்போல இல்லையாம். பிலிப்போஸும் போய்விட்டார், ஓடையில் வருவதைப் பொறுக்க ஆளில்லை.

"மாமா!" லிப்டிலிருந்து மைதிலி வந்தாள். தலையில் இரண்டு மூன்று நரை, அப்பா மாதிரியே நெற்றி. என்னிடம் வருவதற்கு முன்னால் பலகையைப் படித்துவிட்டாள். "மாமா, இது நம்ம அப்பாவோட மரமாக்கும்!" தொடாதீர்கள் என்று எழுதியிருப்பதையும் மீறி ஓலையைத் தடவினாள். இல்லைடீ, இது நிக்கோபார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அரை மணி நேரமாக அதைத்தானே கத்திக்கொண்டிருந்தேன்? இருமுவதுபோலப் பாவனை செய்து அதை விழுங்கிவிட்டேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள். "அன்னிக்கி நான் வெட்டச் சொல்லாம இருந்திருந்தா காய்ச்சிருக்குமோ மாமா?"

"காய்ச்சிருக்காதுடீ. இந்தச் சூட்டிலே எங்கே காய்க்கறது?" என்றேன், ஓலையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பாவும் இதேதான் சொன்னார்" என்றாள் மைதிலி. "இதே மாதிரி, என் மூஞ்சியைப் பாக்காம."

எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அத்திம்பேர் கட்டிக்காத்த ரகசியம் இவ்வளவுதானா? அந்தச் சமயம் பார்த்து வரவேற்புப் பெண், ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த ஓர் ஆளோடு வந்தாள். "சாரே, போர்டு இப்போ எடுக்காம்." இப்போதே கழற்றிவிடுகிறார்களாம்.

"வேண்டா மோளே" என்றேன். "இரிக்கட்டே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்த ஆளிடம், "இந்த சாரினு எந்து பற்றி?" என்று கேட்டுக்கொண்டே போனாள். இவருக்கு என்ன வந்தது என்று அவள் கேட்டது நியாயம்தான். மைதிலி கைக்குட்டையை நனைத்து ஓலையில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த ஊரில் அந்த மரத்தின் பெயர் எழுதியிருக்கும் இடம், எனக்குத் தெரிந்து, இப்போது அது ஒன்றுதான்.